ஊர்ச் சங்கத்துக்கு அரச நிதி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் முதலில் செயலாளராகவும் பின்னர் பொருளாளராகவும் இருந்து தலை நரைத்தவன் நான். பக்கத்து ஊர்ச் சங்கத்தார் கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து எங்கள் படலையில் நின்று கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவர்களில் பலர், யாருக்குக் கடிதம் எழுதினால் காசு வரும் என்று ஒரு வரியில் பதில் கிடைக்கும் என நினைத்து வந்தவர்கள். தேநீர் ஆறும்வரை இருந்து கேட்டுவிட்டு, சற்று முகம் வாடித்தான் திரும்பிப் போனார்கள்.

பதிவு இல்லாத சங்கத்துக்கு அரச நிதி கிடைக்குமா?

கிடைக்காது. ஊரில் எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் பதிவிலக்கம் இல்லாத சங்கத்தின் பெயரில் அரச அலுவலகம் காசோலை எழுத முடியாது.

எங்கே பதிவது?

சங்கம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. வாசிகசாலையும் முன்பள்ளியும் நடத்தும் சனசமூக நிலையம் என்றால் உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையில் சனசமூக அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காண வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அதற்கான உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறார். விளையாட்டுக் கழகத்தை விளையாட்டு உத்தியோகத்தரிடம், கலைக்கழகத்தைக் கலாசார உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். கமக்காரர் அமைப்புக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். கடற்றொழிலாளர் சங்கம் கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். ஆலயத்துக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம். இவற்றில் எதற்குள்ளும் அடங்காத சமூக சேவை அமைப்புகளுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் உண்டு. அதற்கும் விசாரணையைப் பிரதேச செயலகத்திலேயே தொடங்கலாம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 17 உள்ளூராட்சி மன்றங்களும் இருக்கின்றன. இரண்டின் எல்லைகளும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரதேச செயலகம் கொழும்பின் கை. பிரதேச சபை நீங்கள் வாக்களித்துத் தெரிந்த மன்றம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றுக்கு எழுத வேண்டிய கடிதத்தை மற்றதற்கு எழுதி, ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருந்த சங்கங்களை எனக்குத் தெரியும்.

அரசாங்கத்தின் எந்தப் பெட்டிக்குள் காசு இருக்கிறது?

பெட்டிகள் பல. முதலாவது, பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம். 1974இல் தொடங்கியது. பாராளுமன்ற உறுப்பினர் வேலையைப் பரிந்துரைப்பார். நிதி மாவட்டச் செயலகம் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வரும். உறுப்பினர் தன் பையிலிருந்து தருவதாக மேடையில் சொல்வது பேச்சு வழக்கு மட்டுமே. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 தேர்தலில் 6 உறுப்பினர்கள். அந்த ஆறு பேருக்குள் கிளிநொச்சியும் சேர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டாவது, மாகாணத்தின் பெட்டி. மாகாண குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, பிரமாண அடிப்படையிலான நன்கொடை என்று வாய்க்குள் நுழையாத பெயர்களோடு வரும். நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் கொழும்பிலிருந்து வரும் பணம்தான் இதுவும். வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்காததால் ஆளுநரும் திணைக்களங்களுமே நடத்துகின்றன. முன்பு மாகாண சபை உறுப்பினரிடம் கேட்டுப் பெற்ற சிறு உதவிகளை இப்போது அந்தப் பக்கம் தேட வேண்டாம். திணைக்களத்தின் வருடாந்தத் திட்டத்துக்குள் உங்கள் வேலை ஏற வேண்டும்.

மூன்றாவது, உள்ளூராட்சி மன்றத்தின் பாதீடு. சிறிய பெட்டி, ஆனால் வாசல் உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து செயலாளர்கள் மட்டுமே நடத்திவந்த மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். பத்திரிகை, தளபாடம், மைதானத்துக்கு விளக்கு, ஒழுங்கைக்குக் கிரவல் போன்றவற்றுக்கு இதுவே முதற்படி.

நான்காவதாக அமைச்சுகளும் சபைகளும் அவ்வப்போது அறிவிக்கும் திட்டங்கள். ஆட்சி மாறினால் பெயர் மாறும். கமநெகும, திவிநெகும, கம்பெரலிய எல்லாம் வந்து போய்விட்டன. கேட்கப்படும் கடதாசிகள் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

திட்டம் வந்திருப்பதை நாங்கள் எப்படி அறிவது?

பத்திரிகையில் வரும்வரை காத்திருந்தால், பெயர்ப் பட்டியல் போன பிறகுதான் தெரியவரும். கிராம அலுவலர், நம் வாய்ச்சொல்லில் விதானையார், அவரோடும் உங்கள் பிரிவுக்குரிய அபிவிருத்தி உத்தியோகத்தரோடும் மாதம் ஒரு தடவையாவது பேசுங்கள். பிரதேச செயலகத் திட்டமிடல் கிளைக்கு மேலிடத்திலிருந்து திடீரென்று ஒரு கடிதம் வரும்: இத்தனை நாளுக்குள் முன்மொழிவுகளை அனுப்புங்கள். அவகாசம் பெரும்பாலும் சில நாட்களே. அந்த வேளை உத்தியோகத்தர் ஊர் ஊராகப் போய் யாருக்கு என்ன தேவை என்று விசாரிப்பதில்லை. மேசை லாச்சிக்குள் ஏற்கெனவே கிடக்கும் கோரிக்கைகளைத்தான் எடுப்பார். உங்களுடையது அதற்குள் இருக்க வேண்டும். ஆகவே திட்டம் வந்த பின் எழுதுவோம் என்று இருக்காமல், தை மாதத்திலேயே உங்கள் முதல் மூன்று தேவைகளை முன்னுரிமை வரிசையில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதி முத்திரை பதித்த பிரதி ஒன்றை வாங்கிவையுங்கள்.

எந்த மாதத்தில் கேட்பது நல்லது?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊருக்கும் அரசாங்கத்தின் நாட்காட்டிக்கும் பொருத்தம் பார்த்த சாத்திரியார் யாரும் இல்லை. அரசின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒதுக்கீட்டுக் கடிதங்கள் ஆண்டின் முற்பகுதியில் மெல்ல மெல்ல வரும். அங்கீகாரம், மதிப்பீடு, ஒப்பந்தம் என்று போக ஆவணி ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையில்தான். ஐப்பசியில் அத்திவாரம் வெட்டினால் கிடங்கு குளமாகும். டிசம்பர் 31இல் செலவிடாத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும்; அடுத்த ஆண்டு தொடர்ந்து தருவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை.

எங்கள் நிலையத்தின் சுற்றுமதில் ஒரு வருடம் இப்படித்தான் பாதியில் நின்றது. மழை விட்டுவிடும் என்று மேசனார் சொன்னார், நாங்களும் நம்பினோம். வேலை நடந்த அளவுக்கு மட்டுமே கொடுப்பனவு வந்தது. மீதி மதிலை ஊரில் பிடியரிசி சேர்ப்பதுபோல் வீடு வீடாகச் சேர்த்து முடிக்க இரண்டு வருடம் சென்றது.

எனவே மண்ணோடு சம்பந்தப்பட்ட வேலைகளை மாசி, பங்குனிக்குள் அங்கீகாரம் பெறும்படி முந்திய ஆண்டிலேயே தயார் செய்யுங்கள். ஒதுக்கீடு பிந்தி வந்தால், கட்டட வேலையைக் கேட்காமல் தளபாடம், ஒலிபெருக்கி, கணினி, விளையாட்டு உபகரணம் என்று கேளுங்கள். கார்த்திகையில் மிச்சம் இருக்கும் சிறு தொகையைச் செலவழிக்க அலுவலகமே ஆள் தேடும்; மூன்று கூறுவிலைகளோடு ஒரு கோவை தயாராக வைத்திருக்கும் சங்கம் அந்த நேரத்தில் முந்திக்கொள்ளும்.

கூட்டறிக்கைக் கொப்பியை ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

அதுதான் உண்மையான விண்ணப்பம். படிவத்தை நீங்கள் நேற்று நிரப்பியிருக்கலாம். ஆனால் கூரை ஒழுகுகிறது என்று மூன்று வருடத்துக்கு முந்திய நிர்வாக சபைக் கூட்டத்தில் பேசியது கொப்பியில் இருந்தால், தேவை இன்று கற்பித்த தேவை இல்லை என்று வாசிப்பவருக்குப் புரியும். வருடாந்தப் பொதுக்கூட்டம், புதிய நிர்வாகத் தெரிவு, கணக்கறிக்கை ஏற்றது, வந்தவர்களின் கையொப்பம் இவை ஆண்டுதோறும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வேலையைக் குறிப்பிட்டு, தொகையையும் சங்கத்தின் பங்களிப்பையும் சொல்லி, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு ஒரு தீர்மானம் வேண்டும்.

ஒரே இரவில் ஒரே பேனையால் ஐந்து வருடக் கூட்டங்களை எழுதிக்கொண்டு வந்த கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். உத்தியோகத்தரும் பார்த்திருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோவையை மூடி மறுபக்கம் வைத்தார்.

காணி ஆவணத்தில் என்ன சிக்கல் வரும்?

யாழ்ப்பாணத்தில் விண்ணப்பங்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. நிலையம் நிற்கும் நிலம் ஆலயத்துக்குச் சொந்தம், அல்லது ஒரு பெரியவர் வாய்ச்சொல்லில் கொடுத்தது, அல்லது கனடாவில் இருக்கும் நான்கு சகோதரருக்குப் பங்கு. சங்கத்தின் பெயரில் இல்லாத காணியில் அரச பணத்தில் நிரந்தரக் கட்டடம் எழுப்பச் சம்மதிக்க மாட்டார்கள். அது சரியானதும்கூட, நாளைக்கு மருமகன் ஒருவர் வந்து பூட்டிவிட்டால் யார் பொறுப்பு?

நன்கொடை உறுதி முடிப்பதே தெளிவான வழி. கொடுப்பவர் வெளிநாட்டில் என்றால், அவருக்காக இங்கே ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வேண்டும்; இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி வர மாதங்கள் ஆகலாம். கொடுப்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால், அது அவருடைய சீதனக் காணியாகவே இருந்தாலும், கணவரின் எழுத்துச் சம்மதத்தை நொத்தாரிசு கேட்பார். இந்தக் காலத்தில் இதுவா என்று எங்கள் மாதர் சங்கத் தலைவி கோபப்பட்டார். கோபம் நியாயம், ஆனாலும் கையொப்பம் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆலயக் காணி என்றால் பரிபாலன சபையுடன் நீண்டகாலக் குத்தகை எழுதிக்கொள்ளலாம். அது ஏற்கப்படுமா என்பதை மதிப்பீடு செய்வதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடற்கரையோரச் சங்கங்களுக்கு இன்னொன்று. கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்ப 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி தேவை. ஏல மண்டபமோ வலை மடுவமோ கேட்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்?

சங்கத்தின் பெயரில், குறைந்தது இருவர் கூட்டாகக் கையொப்பமிடும் கணக்கு. தலைவரின் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும். நிர்வாகம் மாறிய அந்த வாரமே வங்கியில் கையொப்பங்களை மாற்றுங்கள். எங்கள் செயலாளர் லண்டன் போய்விட்டார், பொருளாளர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். கணக்கு செயலிழந்து கிடந்தது. வந்த நிதியை வைப்பிலிட முடியாமல் நாங்கள் பட்ட பாடு எழுதி முடியாது.

மதிப்பீட்டை நாங்களே தயாரிக்கலாமா?

கட்டட வேலைக்கு அலுவலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தயாரிப்பதே செல்லும். நீங்கள் ஒரு மேசனாரைக் கொண்டு அளந்து உத்தேசத் தொகையைச் சொல்லலாம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளில் ஊர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். மாரியில் தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கும் என்பது கோடையில் வந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நெடுந்தீவுச் சங்கங்கள் குறிகாட்டுவான் துறையில் ஏற்றும் கூலி, படகுக் கூலி, மறுகரையில் இறக்கும் கூலி எல்லாம் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீமெந்துப் பை ஒன்று அங்கே போய்ச் சேரும்போது அதன் விலை வேறு.

கோரிக்கைக் கடிதத்தை எப்படி எழுதுவது?

நமது வழக்கமான கடிதம் இப்படித் தொடங்கும்: "எமது நிலையமானது ஊர்ப் பெரியோர்களால் ஆரம்பிக்கப்பட்டு அளப்பரிய சேவையாற்றி வருவது தாங்கள் அறிந்ததே." தாங்கள் அறியவில்லை. கடிதத்தை வாசிக்கும் உத்தியோகத்தர் சென்ற மாதம்தான் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார். பாதிப் பக்கம் பழம்பெருமைக்கே போய், கேட்பது என்ன என்பது கடைசி வரியில் "ஆவன செய்வீர்கள்" என்பதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "எமது நிலைய மண்டபம் 12 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உடையது. வடக்குப் பக்கக் கூரையின் சிலாகைகள் உக்கியுள்ளன. மாலை வகுப்புக்கு 38 மாணவர்கள் வருகிறார்கள். மழைக்காலத்தில் வகுப்பு நடப்பதில்லை. கூரையை மாற்றித் தருமாறு கேட்கிறோம். பழைய கூரையைக் கழற்றுவதையும் மரங்களை ஏற்றி இறக்குவதையும் சிரமதானமாக நாங்கள் செய்வோம்." அவ்வளவுதான். மழை பெய்யும் நாளில் எடுத்த ஒரு படத்தை இணையுங்கள். எண்களை உங்கள் வரவுப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். கூட்டிச் சொன்னால் பார்க்க வரும் நாளில் அகப்படுவீர்கள்.

ஒரு கடிதத்தில் ஒரு வேலை. கூரையும் கிணறும் மைதானமும் ஒரே கடிதத்தில் இருந்தால் அது எந்தக் கிளைக்குப் போவது என்று தெரியாமல் எங்கேயும் போகாது.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. தமிழ் ஆட்சிமொழி, வடக்கில் நிர்வாக மொழியும் அதுவே. கொழும்பு அமைச்சுக்குத் தமிழில் எழுதினாலும் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் ஆங்கிலப் பிரதியும் இணைத்தால் வேகம் கூடும் என்பதை ஒளிக்க மாட்டேன். ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

பணத்தைக் கையில் தருவார்களா?

பெரும்பாலும் இல்லை. பொருள் உதவி என்றால் அலுவலகமே வாங்கித் தரும். கட்டட வேலையைக் குறிப்பிட்ட தொகை வரை, கேள்விமனுக் கோராமல், தகுதியுள்ள கிராம மட்டச் சங்கத்திடமே ஒப்பந்தமாகக் கொடுக்கும் முறை உண்டு. அந்த உச்சவரம்பு சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும், கையொப்பமிடும் முன் கேளுங்கள். நீங்கள் செய்து முடித்த அளவைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்த பின்தான் பணம் வரும். அதுவரை சீமெந்துக் கடைக்காரருக்கு யார் கடன் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத சங்கம் ஒப்பந்தத்தில் கைவைக்கக் கூடாது.

வெளிநாட்டில் உள்ள ஊரவர் பாதிப் பணம் தந்தால் மீதியை அரசாங்கம் தருமா?

அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் சங்கத்தின் பங்களிப்பு கணக்கில் ஏற்கெனவே கிடக்கிறது என்று வங்கிக் கூற்றைக் காட்டினால் கோரிக்கைக்குப் பலம் கூடும். ஒரு எச்சரிக்கை: அரச பணத்தில் போட்ட கூரைக்குப் புலம்பெயர் அன்பர் ஒருவரின் பெயர்க்கல்லைப் பதிக்காதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் காசு வாங்கினீர்களா என்ற கேள்வி கணக்காய்வில் வரும்.

கோரிக்கைக்குப் பதிலே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் நேரில் போய்க் கேளுங்கள். பிறகு தகவலறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பலருக்குத் தெரியாத ஒன்று: நான்கில் மூன்று பங்கினர் இலங்கைக் குடிமக்களாக உள்ள சங்கம் தன் பெயரிலேயே தகவல் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எங்களுக்கு ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அது முறைப்பாடு. "இந்த ஆண்டு இந்தப் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலையும் தெரிவுக்குப் பயன்பட்ட அளவுகோல்களையும் தரவும்" என்று கேளுங்கள், அது தகவல். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் இதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும் அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு. பட்டியல் கையில் கிடைத்தால் அடுத்த வருடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

யாராவது "செலவுக்கு" என்று கேட்டால்?

கொடுக்காதீர்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி 1954.

கிடைத்த பொருட்களுக்கு என்ன கணக்கு வைக்க வேண்டும்?

பொருட்பதிவேடு ஒன்று: வந்த திகதி, எந்த நிதி, எத்தனை, என்ன விலை. ஒவ்வொரு கதிரையின் அடியிலும் சங்கத்தின் பெயரையும் இலக்கத்தையும் வர்ணத்தால் எழுதுங்கள். எங்களுக்கு வந்த 100 கதிரைகளில் பரிசோதனை நாளில் 93தான் இருந்தன. ஐந்து ஒரு செத்த வீட்டிலும் இரண்டு ஒரு சாமத்திய வீட்டிலும் தங்கிவிட்டதை ஊரே அறியும், பதிவேடு அறியவில்லை. அன்று மத்தியானம் வெயிலில் சைக்கிளில் போய் ஏழையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு மண்டபக் கதவின் உட்பக்கத்தில் ஆணியடித்து ஓர் இரவல் கொப்பியையும், அது போனாலும் போகாதபடி கயிற்றில் கட்டிய பேனை ஒன்றையும் தொங்கவிட்டோம்.